3.5 லட்சத்துக்கு ஓபன் டாப் ஜிப்சி: ஜவ்வாது மலைக்கு ஒரு ட்ரிப் உண்மையில் எவ்வளவு?

போன மாதம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். சொந்த ஊர் ஆலங்காயம் பக்கம், வேலை சென்னையில். கையில் வரும் சம்பளம் 55,000. சின்ன வயசிலிருந்து ஜவ்வாது மலையைப் பார்த்து வளர்ந்தவர். டாப் இல்லாத வண்டியில் காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறணும், ராத்திரி வண்டியை ஓரமா நிறுத்திட்டு அப்படியே வானத்தைப் பார்க்கணும் என்று ரொம்ப நாள் ஆசை. இப்போ ஒரு 2008 மாடல் மாருதி ஜிப்சி, சாஃப்ட் டாப், 3.5 லட்சத்துக்கு வருது. 50,000 கையிலிருந்து, 3 லட்சம் பர்சனல் லோன். "சார், புது கார் வாங்கினா 10 லட்சம். இது 3.5 லட்சம்தானே, வாங்கலாமா?"

இந்த "தானே" இருக்கு பாருங்க, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஏன் ஜிப்சி? நம்ம நாட்டில் கூரையைத் திறக்கிற கார் என்றால், விலை குறைந்த வகையில் சாய்ஸ் ரொம்பக் கம்மி. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்று ஒரு குட்டி டூ சீட்டர் இருந்தது, ஃபைபர் பாடி. அழகான வண்டி, ஆனா இன்றைக்கு ஒரு கதவுக் கைப்பிடி உடைந்தால் எங்கே போவீங்க? பழைய மினி, பென்ஸ் கன்வர்ட்டிபிள் எல்லாம் வாங்குற விலைக்கு மலிவாத் தெரியும், கூரையைத் தூக்கும் மோட்டார் ஒருமுறை மக்கர் பண்ணினால் நம்ம சம்பளம் தாங்காது. மீதி இருப்பது பழைய மஹிந்திரா ஜீப், 2010-ல் வந்த முதல் தலைமுறை தார், அப்புறம் ஜிப்சி.

ஜிப்சி 1985-ல் வந்தது. முதலில் 970 சிசி இன்ஜின். 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்சி கிங். 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ வந்து 80 குதிரைத்திறன். 2018-19-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது. எடை ஒரு டன்னுக்குப் பக்கம்தான், அதனால மலையில் லேசா ஏறும். 1.3 இன்ஜின் எஸ்டீம் குடும்பத்து இன்ஜின் என்பதால் பழைய ஆள் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். புதுப்பேட்டையில் தேடினால் பாதிப் பொருள் கிடைத்துவிடும். பழைய வண்டிக்கு இது பெரிய பிளஸ். மைனஸும் சொல்லிடறேன்: ஏசி, பவர் ஸ்டீயரிங், ஏர்பேக் எதையும் எதிர்பார்க்காதீங்க. பின்னால் உட்காருபவர்கள் பக்கவாட்டு பெஞ்சில் உட்காரணும். கேன்வாஸைத் தாங்கும் கம்பி, வண்டி உருண்டால் தலையைக் காப்பாற்றும் கம்பி கிடையாது. மலைக்குப் போகிற வண்டியில் இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க.

சரி, கணக்குக்கு வருவோம். இதில் அரசாங்கக் கட்டணங்கள் தவிர மற்ற எண்கள் எல்லாம் உதாரணம். உங்க மெக்கானிக், உங்க ஏரியா நிலவரம் என்னவோ அதைப் போட்டுக்கோங்க.

வாங்கின முதல் வருஷம்

பழைய வண்டி விற்பவர் ஏன் விற்கிறார்? பல நேரம் பெரிய செலவு ஒன்று வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, அதனால. டயரைப் பாருங்க, ஓடாத ஜிப்சியில் பட்டன் தேயாமலே ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. கேன்வாஸ் டாப், அதன் ஜிப், பிளாஸ்டிக் ஜன்னல் எல்லாம் வெயிலில் மஞ்சளடித்து நொறுங்கியிருக்கும். கிளட்ச், பிரேக், லீஃப் ஸ்பிரிங் புஷ், பேட்டரி. இப்போ பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட்டை மாற்றிவிடுவது நல்லது. டாப் இல்லாத வண்டி என்றாலே தரை நனைந்திருக்கும், அதனால மேட்டைத் தூக்கிவிட்டு துருவைக் கையால் தட்டிப் பாருங்க.

இதற்கெல்லாம் நான் 90,000 வைக்கிறேன். அப்போ வண்டியின் விலை 3.5 இல்லை, 4.4 லட்சம். அக்கவுண்டிங்கில் ஒரு மெஷினைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவரும் செலவை எல்லாம் அதன் விலையோடுதான் சேர்ப்போம். வீட்டுக் கணக்குக்கும் அதையே பண்ணுங்க.

வண்டி ஓடாவிட்டாலும் ஓடும் செலவு

இன்சூரன்ஸ்: தேர்ட் பார்ட்டி பிரீமியம் இன்ஜின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094, 1,000 முதல் 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜிப்சி கிங் 1,298 சிசி, நடுவில் விழும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,031. பழைய தார் சிஆர்டிஇ 2,498 சிசி என்பதால் அதற்கு 9,300 தாண்டும். ஓனர் டிரைவருக்கான 15 லட்ச விபத்து கவரையும் சேர்த்து 5,000 என்று வைப்போம்.

ஓன் டேமேஜ் எடுக்கலாமா? ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. ஜிப்சிக்கு ரசிகர்கள் இருப்பதால் மார்க்கெட்டில் 3.5 லட்சம் போகும். கம்பெனி பேப்பரில் அதில் பாதிகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வண்டி திருடுபோனால் பேப்பரில் இருக்கும் தொகைதான் வரும். ஐடிவி என்ன என்று கேட்காமல் பிரீமியம் மட்டும் கேட்டுவிட்டு போனை வைக்காதீங்க.

ஆர்சி: "15 வருஷம் ஆனா வண்டியை உடைக்கணுமாமே?" என்று நிறைய பேர் கேட்கிறாங்க. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அப்படி வயசு வரம்பு இல்லை. ஆய்வில் பாஸானால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். ஆனா கட்டணம் ஏறியிருக்கு. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. கூடவே பசுமை வரி. தம்பி பார்த்த வண்டிக்கு 2023-ல் ஆர்சி புதுப்பித்தாச்சு, அடுத்தது 2028. அப்போ அதற்கு 20 வயசு. எந்தக் கட்டணம் வரும் என்ற சந்தேகத்துக்கே இடம் வேண்டாம், பெரிய தொகையை வைத்துக் கணக்குப் போடுங்க. ஆய்வுக்கு முந்தின பட்டி, பெயின்ட் செலவு தனி. வருஷத்துக்கு 2,500 ஒதுக்குவோம்.

பார்க்கிங்: கேன்வாஸ் வண்டியை வேளச்சேரித் தெருவில் ஐப்பசி மழையில் நிறுத்த முடியாது. கூரை உள்ள இடத்துக்கு மாதம் 1,500, வருஷம் 18,000. சர்வீஸ், ரிப்பேர் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 4,000 தனி அக்கவுண்ட்டில் போகணும், வருஷம் 48,000. சில மாதம் ஒன்றும் ஆகாது. அந்த மாதமும் போடுங்க, ரேடியேட்டர் போகிற மாதத்துக்கு வேணும்.

இதுவரை 73,500. இன்னும் மூன்று ஐட்டம் இருக்கு. 3.5 லட்சம் எஃப்டியில் 7 சதவீதத்தில் இருந்திருந்தால் வரும் வட்டி 24,500. முதல் வருஷ 90,000-ஐ மூன்று வருஷத்துக்குப் பிரித்தால் 30,000. மூன்று வருஷம் கழித்து 3 லட்சத்துக்கு விற்றீங்க என்றால் நஷ்டம் 50,000, வருஷத்துக்கு ஏறக்குறைய 17,000. மொத்தம் 1,45,000. இன்னும் ஒரு சொட்டு பெட்ரோல் போடவில்லை.

புது காரோடு ஒப்பிட்டால் தேய்மானம் சின்னதுதான், ஒத்துக்கறேன். 10 லட்சம் புது கார் மூன்று வருஷத்தில் இழக்கும் மதிப்பு இதைவிட எத்தனையோ மடங்கு. ஆனா புது காரில் ஆபீஸ் போவீங்க, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவீங்க. ஏசி இல்லாத ஜிப்சியை மே மாதம் ஓஎம்ஆரில் ஓட்ட மாட்டீங்க. இது ட்ரிப் வண்டி, அதனால ட்ரிப் கணக்குதான் போடணும்.

ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு

மாதம் ஒருமுறை, வருஷத்துக்கு 12 ட்ரிப். 1,45,000-ஐ 12-ஆல் வகுத்தால் 12,000 சொச்சம். சென்னையிலிருந்து வேலூர், ஆலங்காயம், காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் போய், சுற்றிவிட்டு போளூர் பக்கம் இறங்கித் திரும்பினால் தோராயமா 500 கி.மீ. லிட்டருக்கு 10 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,000. ஆக ஒரு ட்ரிப் 17,000.

இப்போ நீங்களே சொல்லுங்க, அந்த 500 கி.மீ.-இல் டாப்பைக் கழட்டிட்டு ஓட்டுறது எவ்வளவு தூரம்? பெங்களூர் ஹைவேயில் லாரி புகைக்கு நடுவே 80-இல் போகும்போது கழட்ட மாட்டீங்க. கேன்வாஸ் படபடன்னு அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கழட்டுறது மலை மேலதான், அதிகபட்சம் 80 கி.மீ. நீங்க ஆசைப்பட்ட அந்த அனுபவத்துக்குக் கிலோமீட்டருக்கு 210 ரூபாய்க்கு மேல கொடுக்கறீங்க.

வாடகை செல்ஃப் டிரைவ் தார், வார இறுதிக்கு பெட்ரோல் இல்லாமல் 8,000 என்று வைப்போம். 1,45,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 18.1. வருஷத்துக்கு 19 ட்ரிப் போனால்தான் சொந்த வண்டி லாபம். வெயில் காலம், வடகிழக்குப் பருவமழை, இயர் எண்ட் குளோசிங், நண்பர்கள் கல்யாணம் எல்லாம் போக 19 வார இறுதி உங்களுக்குக் கிடைக்குமா?

வாடகைக்கு எடுக்கும்போது கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியா என்று பாருங்க, அதுதான் முறையான செல்ஃப் டிரைவ் வண்டி. வெள்ளை போர்டு வண்டியை யாரோ தெரிந்தவர் வாடகைக்குக் கொடுத்து, மலையில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு அதிகம். இதே விதி மறுபக்கமும் வரும். "நான் ஜிப்சி வாங்கி, போகாத வார இறுதியில் வாடகைக்கு விட்டால் இஎம்ஐ வந்துடுமே?" என்று அடுத்த கேள்வி ரெடியா இருக்கும், எனக்குத் தெரியும். தனியார் பதிவில் உள்ள வண்டியைப் பணம் வாங்கி வாடகைக்கு விட முடியாது. பாலிசியிலும் அந்தப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு விபத்தில் நஷ்ட ஈடு முழுவதும் உங்க தலையில் விழலாம். அந்த வருமானத்தைக் கணக்கில் எழுதவே எழுதாதீங்க.

தம்பியின் சம்பளத்தில் இது எப்படி உட்காரும்

3 லட்சம், 14 சதவீதம், 36 மாதம்: இஎம்ஐ 10,253. வட்டி மட்டும் 69,000. ஏன் கார் லோன் இல்லை, பர்சனல் லோன்? இவ்வளவு வயசான வண்டியை அடமானமா ஏற்றுக்கொள்ளும் வங்கி கிடைப்பது கஷ்டம். அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு தகவல்.

55,000-இல் வாடகை, சாப்பாடு 18,000. வீட்டுக்கு அனுப்புவது 12,000. எஸ்ஐபி 5,000. மீதி 20,000. வண்டிக்கு இஎம்ஐ 10,253, ரிப்பேர் ஃபண்ட் 4,000, பார்க்கிங் 1,500, மாதம் ஒரு ட்ரிப் பெட்ரோல் 5,000. கூட்டினால் 20,753. மலை மேல டீ குடிக்கக்கூடக் காசில்லை. சேமிப்பில் இருக்கும் 1.2 லட்சத்தில் 50,000 முன்பணமாப் போய்விடும், மீதி 70,000 முதல் வருஷ வேலைக்கே பத்தாது. எஸ்ஐபி நிற்கும், எமர்ஜென்சி ஃபண்ட் காலி. அந்த நேரத்தில் கம்பெனியில் ஆள் குறைத்தால்? வேலை இல்லாத மாதத்திலும் இஎம்ஐ தேதி மாறாது. அவசரத்துக்கு ஜிப்சியை விற்க முடியுமா என்றால், சரியான ஆள் கிடைக்கும் வரை காத்திருந்தால்தான் 3 லட்சம். ஒரே வாரத்தில் விற்கணும் என்றால் விலையைச் சொல்றது வாங்குறவர்தான்.

லோன் போட்டு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனா வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெயிலைத் திரும்பப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. இவர் மாதம் இரண்டுமுறை ஊருக்குப் போகிறார், ரயிலில் வாணியம்பாடி போய் அங்கிருந்து பஸ். வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரை போட்ட இடம் சும்மா இருக்கு. அப்போ வண்டி ஏன் சென்னையில் தூங்கணும்?

ஜிப்சியை ஆலங்காயத்திலேயே விட்டுவிட்டால் கணக்கு எப்படி மாறுது பாருங்க. பார்க்கிங் 18,000 போச்சு. ஹைவே ஓட்டம் இல்லாததால் ரிப்பேர் ஒதுக்கீட்டை 48,000-லிருந்து 30,000-ஆகக் குறைக்கலாம். வருஷச் செலவு 1,09,000. ட்ரிப்புக்கு மலையிலும் ஊரிலும் 150 கி.மீ., பெட்ரோல் 1,500. ரயில், பஸ்ஸுக்கு 500 போட்டாலும் 2,000. சென்னையிலிருந்து வாடகை தாரில் வந்திருந்தால் பெட்ரோலே 5,000. ஆக சொந்த வண்டியில் ட்ரிப்புக்கு மிச்சம் 8,000-ஓடு இன்னொரு 3,000. 1,09,000-ஐ 11,000-ஆல் வகுத்தால் 9.9. வருஷத்துக்கு 10 ட்ரிப் போதும்! அவர் எப்படியும் 24 முறை ஊருக்குப் போகிறவர். அப்பா வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விட்டால் பேட்டரியும் பிழைக்கும்.

இது அவருக்குப் பொருந்தும். ஊர் திருநெல்வேலி, ஆசை மட்டும் ஜவ்வாது மலை என்றால் பொருந்தாது. வாடகைக்கே எடுங்க.

பணத்துக்கு வழி: 1.2 லட்சத்தைத் தொட வேண்டாம். மாதம் மிஞ்சும் 20,000-ஐ ஆர்டியில் போட்டால் 22 மாதத்தில் 4.4 லட்சம். நடுவில் நாலு ட்ரிப் வாடகை தாரில் போனால் 52,000 செலவு, இன்னும் மூன்று மாதம் தள்ளும். ஏறக்குறைய இரண்டு வருஷம். அந்த நாலு ட்ரிப்பை வீண் செலவாப் பார்க்காதீங்க. முதுகு வலி, தூசி, ஆடி மாசத்துக் காற்று எல்லாம் பட்ட பிறகும் ஆசை இருக்கா என்று அதில்தான் தெரியும். இன்னொரு விஷயம், ஆர்சி இப்போதுதான் புதுப்பித்த வண்டியாத் தேடுங்க. ஆய்வுக்கான செலவு விற்பவர் கையிலேயே முடிந்திருக்கும், உங்களுக்கு ஐந்து வருஷம் நிம்மதி.

பேப்பர் வேலை

தில்லிப் பக்கத்து ஜிப்சி மலிவா வரும். அங்கே 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு நெருக்கடி இருப்பதால் தள்ளிவிடுறாங்க. என்ஓசி, இங்கே புதுப் பதிவு எண், இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எல்லாம் சேர்த்தபிறகும் மலிவா என்று பாருங்க. ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று சொன்னால் ஏல ஆவணம் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு நீங்களே ஒப்பிடுங்க. பரிவாஹன் தளத்தில் பழைய அபராதமும், ஹைப்பாதிகேஷன் நீக்கப்பட்டிருக்கா என்பதும் தெரிந்துவிடும். ஆர்சியில் ஹார்ட் டாப் என்று இருந்து, வண்டி கேன்வாஸோடு நின்றால் விட்டுவிடுங்க. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறான மாற்றம் செல்லாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி 30 நாளுக்குள் பெயர் மாற்றுங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்க பெயருக்கு மாற்றச் சொல்லுங்க. தேர்ட் பார்ட்டி தானா மாறும், ஓன் டேமேஜ் மாறாது. விற்பவரின் நோ கிளைம் போனஸ் அவரோடது, அது வண்டியோடு வராது.

வரி பற்றி இரண்டே வரி. தனி நபரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற டீலர் என்றால் அவருடைய மார்ஜினுக்கு 18 சதவீதம், அது விலைக்குள்ளேயே இருக்கும். சொந்த உபயோகக் கார் வருமான வரியில் மூலதனச் சொத்து கிடையாது. அதனால நாளைக்கு ஜிப்சி விலை ஏறி லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை, நஷ்டத்துக்கு விற்றாலும் எதிலும் கழிக்க முடியாது.

மலையில் ஓட்டுறவங்களுக்கு ஒன்று: ஜிப்சியின் ஃபோர் வீல் டிரைவை நல்ல தார் ரோட்டில் போட்டு ஓட்டாதீங்க, கியர் பாகங்கள் இறுகித் தேயும், அந்த ரிப்பேர் ஃபண்ட் ஒரே நாளில் காலியாகும். சேறு, மண் பாதைக்குத்தான் அது. அதுக்காக வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறக்கினால் அபராதம், வழக்கு எல்லாம் வரும், அதற்கு என்னிடம் எக்செல் ஃபார்முலா இல்லை.

மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு ஷீட்டா வீடியோ டிஸ்கிரிப்ஷனில் இருக்கு. மஞ்சள் கட்டங்களில் மட்டும் உங்க எண்ணைப் போடுங்க. வண்டி தூங்கும் ஊர், வருஷத்துக்கு எத்தனை ட்ரிப் என்ற இரண்டு கட்டத்தை முதலில் நிரப்புங்க. ட்ரிப் எண்ணிக்கையை ஆசைப்பட்டுப் போடாமல், போன வருஷம் எத்தனை வார இறுதி வெளியே போனீங்க என்று போனில் இருக்கும் ஃபோட்டோ தேதிகளைப் பார்த்துப் போடுங்க.